எழுதினால் ஓடிவிடுவானா?

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் திடல்தடப் போட்டிக்கு ஆயத்தம் செய்யக் கூடியிருந்தோம். பயிற்சி பெறும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கைப்பட ஒரு பயிற்சிக் குறிப்பேடு எழுதிவர வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். “எழுதினால் ஓடிவிடுவானா, ஐயா?” என்று ஓர் இளம் ஆசிரியர் வினவினார். அவையினர் நகைத்தனர். அன்று நான் மறுமொழி கூறவில்லை, இன்று கூறுகின்றேன்.

எழுதினால் ஓடிவிடமாட்டான், உண்மை. ஓடுவது கால்களேயன்றிப் பேனா அன்று. ஆயினும், உடல் வலுப்பெறும் முறையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழகிய சுமையைவிடச் சிறிது மிகுந்த சுமை, போதிய ஓய்வோடு ஏற்றப்படும்போதே தசை வளர்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த தாமஸ் டெலோர்ம் என்னும் மருத்துவர், 1940களில் இவ்வழியையே வகுத்தார். நோயாளி 10 முறை மட்டுமே தூக்கவல்ல எடை யாதென வாரந்தோறும் கண்டறிந்து, அதற்கேற்பப் பயிற்சியைக் கூட்டினார். சென்ற வாரத்து எடையைக் குறித்து வைக்காதவன் இந்த வாரம் எதனை எதனோடு கூட்டுவான்? 1920 முதல் 1928 வரை மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் 9 தங்கம் வென்ற பின்லாந்தின் பாவோ நூர்மி, கையில் கடிகாரத்தை ஏந்தியே ஓடினார். தம் கால்களை நம்பாமையாலா? தம் நினைவை நம்பாமையால் என்பேன்.

நம் முன்னோர் ஏடு வைத்துக்கொண்டா சிலம்பம் பழகினர் என்று கேட்போரும் உளர். இல்லைதான். அங்கே ஆசானே ஏடாக இருந்தார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரை ஆண்டுக்கணக்கில் தம் கண்முன் வைத்துப் பழக்கியவர் அவர். இன்றோ திடலில் நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அவரும் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுகிறார். அவரோடு அப்பிள்ளைகளின் வரலாறும் போய்விடுகிறது.

டாக்டர் மணி ஜெகதீசன் 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடியதையும், அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நிலைத்ததையும் மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கட்டும். ஆனால், 1960இல் ரோமில் களமிறங்கிய அவர், 1962இல் ஜகார்த்தாவில் 200 மீட்டர் தங்கம் வென்று, 1966இல் பாங்காக்கில் மூன்று தங்கம் வென்று, எட்டாண்டுகள் கழித்தே அந்த எண்ணை எட்டினார் என்பதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னோம்? எட்டாண்டு முன்னேற்றம் எத்தகையது என்பதை, சொந்த எண்கள் நாற்பது நாளேனும் எழுதப்பட்ட ஏட்டைப் புரட்டும் பிள்ளையே உணரும்.

எழுதுகிறோமே என்பீர்கள். செகாக் எனப்படும் உடற்றகுதிச் சோதனையை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறோம். பிள்ளை மூன்று நிமிடம் பலகையில் ஏறியிறங்குகிறது; நாடித் துடிப்பை எண்ணுகிறோம்; தண்டால் எடுக்கச் சொல்கிறோம்; உயரமும் எடையும் அளக்கிறோம். எண்கள் கணினிக்குள் போகின்றன. தன் எண் யாதென்று பிள்ளைக்குத் தெரியாது. கேட்டால், “சார் எழுதிக்கிட்டாரு” என்கிறது.

இந்த விடையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பழைய தோட்டம் நினைவுக்கு வருகிறது. லிங்கி, லாபு, பகாவ், ரந்தாவ் என இந்த நெகிரி செம்பிலான் மண்ணில் நம்மவர் பால்மரம் வெட்டிய காலத்தில் எழுத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் எழுதினர். பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி எடை எழுதினார். பாலின் அடர்த்தியைக் கருவியிட்டு அளந்து அதையும் எழுதினார். சம்பளம் அந்த ஏட்டின்படியே வந்தது. வெட்டியவர் கையில் மட்டும் ஏடு இல்லை. எடை குறைந்ததாகத் தோன்றினாலும், எதைக் காட்டி வாதாடுவது? என் தந்தையார் சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போது ஒரு சொல்லும் பேசமாட்டார். ஏடு என்றாலே பிறர் நம்மைப் பற்றி எழுதுவது என்னும் எண்ணம் அப்படித்தான் நமக்குள் ஊறியது. பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். பள்ளிகள் சில தோட்டப் பெயரை மட்டும் சுமந்துகொண்டு இடம் மாறின. அந்த எண்ணம் மட்டும் இடம் மாறவில்லை. நாள் பாடக்குறிப்பை வேண்டாவெறுப்பாக எழுதும் ஆசிரியரான நாமும் அதற்கு விலக்கல்லர்.

ஆகவே நான் வேண்டுவது மேலதிகாரிக்கு அனுப்பும் இன்னொரு படிவம் அன்று. பிள்ளையின் சொந்த நோட்டு. தேதி, ஓடிய தூரம், நேரம், உறங்கிய மணி, காலையில் உண்டது, உடம்பு எப்படியிருந்தது என்று ஒரு வரி, அவ்வளவே. உடல் எடையை அதில் எழுதச் சொல்லாதீர். பத்து வயதுப் பிள்ளைகள் எடையைக் கொண்டு ஒருவரையொருவர் பழிப்பதை நான் கண்டிருக்கிறேன். அதை வைத்து மதிப்பெண்ணும் இடாதீர். இட்டால் பொய் எழுதுவர். நாள்தோறும் நேரம் குறைய வேண்டும் என்றும் அடம்பிடிக்காதீர். பிஞ்சுக் கால்கள் புண்படும்.

என் பள்ளியில் ஆறாமாண்டு மாணவி ஒருத்தி இவ்வாறு எழுதிவந்தாள். சில நாள்களில் அவள் ஓட்டம் திடீரெனத் தளரும். சோம்பல் என்றே நான் தீர்மானித்திருந்தேன். ஒருமுறை கடிந்தும் கொண்டேன். ஒரு மாத ஏட்டை அவளே கொணர்ந்து என் மேசைமீது விரித்தாள். தளர்ந்த நாள்கள் ஐந்து. ஐந்திலும் உணவுக்குரிய கட்டத்தில் ‘இல்லை’ என்றிருந்தது. தாயார் ஆலையில் இரவு வேலை முடிந்து திரும்பாத காலைகள் அவை. என் கையிலிருந்த கடிகாரம் எனக்குச் சொன்னதெல்லாம் நேரம் கூடிற்று என்பது மட்டுமே.

மறுநாள் முதல் பயிற்சிக்கு முன்னரே சிற்றுண்டிச்சாலையில் அவளுக்கு ரொட்டியும் மைலோவும் கிடைக்க ஏற்பாடு செய்தோம். ஆண்டிறுதியில் பள்ளியை விட்டுச் செல்லும்போது, அந்த நோட்டைப் பள்ளிக் கோப்பில் வைக்கலாமா என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்டார். அவள் தரவில்லை. இடைநிலைப்பள்ளியிலும் எழுத வேண்டும், இன்னும் பன்னிரண்டு பக்கம் மீதமிருக்கிறது என்றாள்.