வல்லவனுக்குப் புல்லா? ஒரு பக்கம் வரைஞ்சுட்டு வந்து பேசுங்க!

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் போன் பண்ணினார். சொந்தமாக ஒரு சிறுவர் புத்தகம் போடப் போகிறாராம். "எட்டே எட்டு பக்கம் காமிக்ஸ் தம்பி. பேப்பர், பேனா, அவ்வளவுதானே செலவு? வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்!" என்றார். அச்சடிக்கிறவருக்குக் காசு உண்டு, பேப்பர் கடைக்காரருக்கு உண்டு, பைண்டிங்குக்கு உண்டு. வரையறவனுக்கு மட்டும் பழமொழி.

இந்தப் பழமொழியைக் கண்டுபிடிச்ச ஆசாமி கண்டிப்பா சம்பளம் கொடுக்கிற பக்கம்தான் உட்கார்ந்திருப்பார்.

சார்லி பிரவுனையும் ஸ்னூப்பியையும் வரைந்த சார்லஸ் ஷூல்ஸை விட வல்லவர் யாருங்க? 1950 அக்டோபரிலிருந்து 2000 பிப்ரவரி வரை மொத்தம் 17,897 ஸ்ட்ரிப். உதவியாளர் வைத்துக்கொள்ளாமல், எழுத்து உட்பட எல்லாம் அவர் கையாலேயே. அந்த மனுஷன் புல்லாலயா வரைஞ்சார்? எஸ்டர்புரூக் 914 என்ற நிப்பால் வரைந்தார். அந்தக் கம்பெனி மூடப்பட்டபோது மிச்சமிருந்த நிப் மொத்தத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். "நமக்குத்தான் திறமை இருக்கே, கிடைச்ச பேனாவுல வரைஞ்சுக்கலாம்"னு விடலை. ஏன்? அந்த நிப்பு அழுத்தினால் எவ்வளவு விரியும், லேசாக இழுத்தால் கோடு எவ்வளவு மெலியும் என்பது அவர் விரலுக்குப் பழகிப்போயிருந்தது. சார்லி பிரவுன் தலையில் இருக்கிற அந்த ஒத்தச் சுருள் முடிக்கு வேறென்ன இருக்கு, ஒரு கோட்டைத் தவிர!

நம்ம கதை சின்னது. ஆனா பாடம் அதேதான். ஆரம்பத்தில் நானும் பால்பாயிண்ட் பேனாவில்தான் வரைந்தேன். பக்கத்தில் இருக்கிறவன் மூக்கும் தூரத்தில் இருக்கிற மலையும் ஒரே தடிமனில் இருக்கும். அப்புறம் ஒரு நாள் ரொம்ப புத்திசாலித்தனமாக அப்பாவின் ஃபவுண்டன் பேனாவில் இந்தியன் இங்க்கை ஊற்றினேன். அதில் அரக்கு இருக்கும், காய்ந்தால் கல்லு என்று யாராவது சொன்னார்களா? பேனா காலி. அப்பாவிடம் வாங்கியது தனிப் பதிவு. சரி, தண்ணியில் கரையற சாதா இங்க்கில் வரைவோம் என்றால், மேலே வாட்டர் கலர் பட்டதும் ஹீரோ முகம் கரைஞ்சு வில்லன் ஆகிறான். மலிவு பேப்பரில் நிப்பை வைத்தால் நாரு மாட்டிக்கிட்டு கோடு பூனை மீசை மாதிரி பிரியுது.

அப்புறம் உட்காருகிற இடம். மட்டமான மேசையில் குனிந்து வரைந்தால் பக்கத்தோட மேல்பாதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். நிமிர்த்திப் பார்த்தால் ஆள் பனைமரமா நீண்டிருப்பான். பலகையைச் சாய்த்து வைப்பது அதனாலதான், ஸ்டைலுக்கு இல்லை. வலது கைக்காரனுக்கு விளக்கு இடப்பக்கம் இருக்கணும், இல்லாட்டி கோடு போடற இடத்திலேயே கையோட நிழல் விழும். நம்ம ஊர் வெயிலில் ஃபேன் போட்டால் நிப்பிலேயே இங்க் காயும், ஃபேனை நிறுத்தினால் வேர்வையில் பக்கம் நனையும். கைக்கு அடியில் கைக்குட்டையைப் போட்டுக்கிட்டு நான் படற பாட்டை வீட்டம்மாகிட்ட கேளுங்க.

உடனே ஒருத்தர் வருவார்: "டோரேமானைப் படைத்தவங்க எங்கே இருந்து வரைஞ்சாங்க தெரியுமா?" தெரியுமே. டோக்கியோவில் டோகிவா-சோ என்ற பழைய மரக்கட்டடம். நாலரை பாய் அறை, சுமார் 75 சதுர அடி. சமையலறையும் கக்கூஸும் எல்லாருக்கும் பொது. வறுமையில் பூத்த கலைன்னு சொல்ல நல்லாத்தான் இருக்கும். ஆனா கதையில் ஒரு துண்டை விட்டுடறாங்க. 1954-ல் அந்த அறையைக் காலி செய்த ஒசாமு தெசுகா, அடுத்து வந்த இரட்டையர் ஃபுஜிகோ ஃபுஜியோவுக்குத் தன் மேசையை விட்டுட்டுப் போனார். வல்லவர்தானே அவரும்? புல்லைப் பிடுங்கிக் கொடுத்துட்டுப் போகலையே, மேசையைத்தானே கொடுத்தார். (அந்தக் கட்டடத்தை 1982-ல் இடித்தார்கள். 2020-ல் அதே மாதிரி கட்டி அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.)

"இப்பத்தான் எல்லாம் கம்ப்யூட்டராச்சே, அதுவே வரைஞ்சுடுமே" என்பது அடுத்த ரகம். அழிக்கிறது சுலபம், அதை ஒத்துக்கறேன். ஆனா டேப்லட் பேனாவோட முனையும் தேயும் சார், அதுக்கும் மாத்து முனை வாங்கணும். சாப்ட்வேருக்குத் துட்டு கட்டணும். முதுகுவலி ரெண்டுலயும் இலவசம்.

பேனா வாங்கினா மட்டும் ஓவியன் ஆகிடலாம்னு அலையற கோஷ்டியும் இருக்கு, மறைக்கலை. மூடி திறக்காத மார்க்கர் எங்க வீட்டு டிராயரிலேயே ஒரு டஜன் தேறும். ஆனா அந்தப் பைத்தியத்தால் நஷ்டம் எனக்குத்தான். "பேனாதானே" என்கிறவரால் நஷ்டம், இதையே நம்பிப் பிழைக்கிறவனுக்கு. எனக்கு மாசச் சம்பளம் வேற இடத்திலிருந்து வருது, அவனுக்கு வராது. நான் ஓசியில் எட்டு பக்கம் போட்டுக் கொடுத்தால் அவனிடம் போய் என்னைக் காட்டித்தான் பேரம் பேசுவார்கள்.

அதனால போன் பண்ணினவருக்கு ஒரு எஸ்டிமேட் அனுப்பினேன். அட்டை, நிப், இங்க், ஸ்கேனிங், பக்கத்துக்கு ரெண்டு ராத்திரி கூலி. கடைசி வரியில் "புல் - இலவசம்" என்று போட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை.