பெயர் வைத்தோம், தண்ணீர் வைக்கவில்லை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெருமைப்பட இரண்டு விஷயங்களைச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவோம். ஒன்று, ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்பது. இன்னொன்று செப்பேடு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய அந்த ஏட்டில், பெருவளநல்லூரில் சாளுக்கியர்களோடு நடந்த போர் வருகிறது. அரசனின் யானைக்கு அரிவாரணம் என்று பெயர், குதிரைக்கு அதிசயம். கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கச் செய்த ஏற்பாடும் அதே ஏட்டில் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு குதிரையின் பெயர் நமக்குத் தெரியும். மாப்பிள்ளை அழைப்புக்கு நம் தெருவுக்கே வந்து போகிற குதிரையின் பெயரை நம்மில் யாரும் கேட்டதில்லை.

யார் மீதும் பழி போட இதை எழுதவில்லை. செய்தது நாம், செய்யாமல் விட்டதும் நாம்.

இந்த அலட்சியம் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், வருடக் கடைசியில் அவற்றில் நூறுகூடத் தேறாமல் செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: இங்கே குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் தீனியாகப் போடுகிறார்கள். குதிரை விற்க வந்த வணிகர்கள் வைத்தியரை உடன் அழைத்து வருவதில்லை, வர விடுவதுமில்லை என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம்! சில ஆண்டுகள் கழித்து எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். குதிரைக்கு 220 பொன் தினார் கொடுத்து வாங்கி, நாற்பது நாள் கொட்டிலில் கட்டிப்போட்டு, வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலுமாகக் கொடுத்துக் கொழுக்கவைத்து, பிறகு பழக்காமலேயே ஏறி விரட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் எதற்கும் உதவாமல் போய்விடுகிறது என்கிறார்.

வெளியூர்க்காரர் எழுத்தில் கொஞ்சம் மிகை இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குறிப்புகளில் என்னைத் தொந்தரவு செய்வது அந்த வெண்ணெயும் பாலும்தான். அது கொடுமைக்காரன் போடும் தீனி அல்ல. பிரியத்தோடு, செலவு பார்க்காமல், என்ன தின்னும் என்று கேட்காமல் போட்ட தீனி.

கல்லிலும் மரத்திலும் நமக்கு ஒரு குறையும் இல்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கின்றன. சேணத்தின் வார், கழுத்து மணி என்று சிற்பி ஒன்றையும் விடவில்லை. வைகாசிப் பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் இரவு வரதர் குதிரை வாகனத்தில் எழுந்தருளும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஊருக்கு ஊர் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிறோம். பரீட்சை வந்தால் பிள்ளைகளைப் பரிமுகக் கடவுளான ஹயக்ரீவரிடம் அழைத்துப் போகிறோம். பசியெடுக்காத குதிரை என்றால் நமக்கு உயிர்.

உயிருள்ள குதிரையோடு வாழ்ந்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். ஜட்கா ஓட்டியவர்கள், புல்லுக்கட்டு விற்ற பெண்கள், லாடம் அடித்தவர்கள். குதிரைக் குளம்பு நம் நகம்போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். விட்டால் வெடிக்கும், நடை கோணும், மூட்டு போகும். ஆணி எந்த இடத்தில் எவ்வளவு இறங்கலாம் என்பது லாடக்காரரின் கைக்குத்தான் தெரியும், ஏட்டில் கிடையாது. ஆட்டோ வந்தபோது ஜட்காவை விட்டு இறங்கினோம், அதில் தப்பில்லை. அந்தக் கை வேலையையும் கூடவே போகவிட்டோம். 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் ஆறேகால் லட்சம் குதிரைகள் இருந்தன. 2019இல் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் கத்தியவாரியும் மார்வாரியும் பளபளவென்று நிற்பதைப் பார்க்கலாம். கொங்குப் பக்கத்தில் சில குடும்பங்கள் இன்னமும் அக்கறையோடு வளர்க்கின்றன. நம் பக்கத்தில் மிஞ்சியது கல்யாணக் குதிரை ஒன்றுதான்.

அதை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையையோ வெல்வெட் போர்வையையோ அல்ல, வாயோரத்தை. நுரையில் இளஞ்சிவப்பு கலந்திருந்தால் கடிவாளத்தில் முள் இருக்கக்கூடும். நூறு கை தொலைவில் வெடிக்கட்டு, காதருகே செண்டை மேளம், கண்ணுக்கு நேரே மின்விளக்குக் குடைகள். மிரண்டு ஓட வேண்டியது நகராமல் நிற்கிறதே, அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். வலி. இடுப்பு வார் உராயும் இடத்தில் மயிர் உதிர்ந்து தோல் தெரியும். அந்த இடத்தைப் போர்வை மூடியிருக்கும். ஊர்வலம் முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம், எச்சில் இலைகள் குவியும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டுவார்கள். யாராவது நல்ல மனதோடு மிச்சச் சோற்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. தின்னக் கூடாதது உள்ளே போனால் குடல் முறுக்கித் தரையில் புரண்டே சாகவும் கூடும். எழுநூறு ஆண்டுகள் கழித்தும் அதே சோறு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், வண்டி இழுக்கிற, பொதி சுமக்கிற விலங்குகளுக்கென்று 1965இல் வந்த விதிகளும் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் ஐந்து மணி நேரம் தாண்டக் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வேலையே கூடாது, முள் வைத்த கடிவாளம் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வைகாசி வெயிலுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. முகூர்த்த நேரத்தை நிமிடக் கணக்கில் பார்க்கிற நாம் இந்த மூன்று மணி நேரத்தைப் பார்த்ததில்லை.

இன்னொன்று சொல்லாமல் முடிக்க முடியாது. ஏரிக்கரையிலும் நெல் வயலிலும் கண்ணாடிவிரியன் கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களை நாம் எல்லாரும் அறிவோம். அங்கே நரம்பில் ஏற்றுகிற விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து வருவது. குதிரைக்குப் பாம்பு விஷத்தைத் துளித்துளியாக, அளவைக் கூட்டிக்கொண்டே போய் ஏற்றுவார்கள். அதன் உடம்பு எதிர்ப்பை உண்டாக்கும். அந்த இரத்தத்தை எடுத்து, எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்தாக்குவார்கள். விஷத்தின் பெரும்பகுதி வெகுகாலமாக நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இருளருக்கு நன்றி சொன்னோமா என்பது தனிக் கதை. குதிரை இருப்பதையே நாம் அறிந்துகொள்ளவில்லை.

அடுத்த முகூர்த்தம் வருகிறது. பட்டுக்குப் பேரம் பேசுவதுபோல் குதிரைக்காரரிடமும் பேசி ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவோம். அந்த ஐந்நூறு கொள்ளிலும் புல்லிலும் லாடத்திலும்தான் குறைகிறது. அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு, அச்சாரத்தின்போதே கடிவாளத்தை வாங்கித் திருப்பிப் பார்ப்போம். முள் இருந்தால் வேறு கடிவாளத்தோடு வரச் சொல்லுவோம். இல்லையென்றால் மாப்பிள்ளை காரிலேயே வரட்டும்.