நூலகத்துக்குக் கண்ணாடிப் பெட்டியா?

பழைய நூலகக் கட்டடங்களை அருங்காட்சியகமாக்கிவிட்டால் அவை புதுவாழ்வு பெற்றுவிடும் என்று வாதிடுவோர் உளர். புதுவாழ்வு யாருக்கு? கல்லுக்கும் சுண்ணாம்புக்குமா, நூலுக்கும் வாசகனுக்குமா? இதுவே நம் கேள்வி.

சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் வரைந்த அந்த மண்டபம் அருங்காட்சியக வளாகத்திலேயே நிற்கிறது. 1970களில் பக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்ததும் அன்றாட வாசிப்பு அங்கே பெயர்ந்தது. பழைய மண்டபம் பழம் நூல்களின் காப்பிடமாயிற்று. அதைக் காண்போர் வண்ணக் கண்ணாடியையும் மரச்செதுக்கலையும் வியக்கின்றனர். வியக்கட்டும். ஆனால், நூல்களின் முதுகை மட்டும் கண்டு திரும்புவது வாசிப்பாகுமா?

அருங்காட்சியகத்துக்கு நாம் பகைவரல்லர். 1850இல் சென்னையில் முஹம்மதியப் பொது நூலகம் தோன்ற முன்னின்றவரும், 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் முதற் பொறுப்பாளரும் ஒருவரே. எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். காண்பதற்கு ஓரிடமும் கற்பதற்கு ஓரிடமும் தனித்தனியே வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று உண்டோ?

“விரல் பட்டால் ஏடு நொறுங்குமே” என்பர். மூலத்தைப் பூட்டி வையுங்கள். படியெடுத்து வாசகன் மேசையில் வையுங்கள். நுண்படச் சுருளும் மின்படியும் இதற்காகவே வந்தன.

திருவண்ணாமலை மக்கள் இவ்வேறுபாட்டை அறிவர். 2002இல் அருணாசலேசுவரர் கோயிலை மத்தியத் தொல்லியல் துறை நினைவுச் சின்னமாக அறிவித்தபோது, வழிபாட்டுத் தலம் பழம்பொருளாவதா என எதிர்ப்பு எழுந்தது. 2004இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. நம் அண்டை வீட்டார் தம் கோயிலுக்காகக் கொண்ட அக்கறையில் பாதியேனும் நூலகத்துக்காக நாம் கொள்ள வேண்டாமா?

பிறரைச் சொல்லிப் பயனென்ன? முதல் வஹீயே ஓதும்படி ஏவிற்று என்று மேடைதோறும் முழங்கும் நம் சமுதாயத்தில், பாட்டனார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் துணியில் சுற்றப்பட்டு அலமாரியில் உறங்குகின்றன. பரக்கத்துக்காகக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்; ஓதத் தெரிந்தவரோ அருகிவிட்டனர். அதுவும் ஓர் அருங்காட்சியகமே. நுழைவுச்சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே கூறுகிறோம்: கட்டடத்தைப் பழுது பாருங்கள், தூணுக்கு வண்ணம் பூசுங்கள், ஒரு மூலையில் பழம்பொருள்களும் இருக்கட்டும். ஆனால் நாற்காலியும் மேசையும் விளக்கும் நூலும் முதலில் வேண்டும். ஓதுவாரின்றி நூலகம் இல்லை. வெறும் கட்டடமே உண்டு.