துருவன் நிலைத்து நிற்கிறானா?

கலியாணம் நடத்திவைக்கும் புரோகிதர், பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசலுக்கு அழைத்துவந்து, ஆகாயத்தை நோக்கிக் கையைக் காட்டி, அதோ துருவன், அதோ அருந்ததி என்று சொல்லுவதை நம்மில் அநேகர் பார்த்திருக்கலாம். பகல் முகூர்த்தமானாலும் அவர் காட்டத் தவறுவதில்லை; தம்பதிகளும் தெரிகிறதென்று தலையாட்டத் தவறுவதில்லை. துருவன் அசையாமல் இருப்பதுபோல் பெண்ணானவள் புருஷன் வீட்டில் அசையாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் தாத்பரியமாம். மாப்பிள்ளைக்கு இந்த நிபந்தனை கிடையாது.

மாற்றாந்தாய் விரட்டியதால் தவஞ்செய்யப்போன ராஜகுமாரன் துருவனுக்கு, மகாவிஷ்ணு எல்லா உலகங்களுக்கும் மேலான, நிலைபெயராத பதவியை அருளினார் என்று விஷ்ணு புராணமும் பாகவதமும் கூறுகின்றன. அந்தப் பதவியின் யோக்கியதையைச் சற்று விசாரிப்போம்.

முதலாவது, மேலான பதவி என்பது. சென்னையிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் சுமார் 13 டிகிரி உயரத்திலும், குமரிமுனையில் 8 டிகிரி உயரத்திலுந்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருப்பவன் கண்ணுக்கு ஒருநாளும் தெரியாது. எல்லா உலகங்களுக்கும் மேலானவன், இந்த ஒரு உலகத்திலேயே தென்பாதியில் இருப்பவர்களுக்குக் காலடியில் இருக்கிறான்!

இரண்டாவது, நிலைபெயராமை. பம்பரம் சுற்றும்போது அதன் தலை மெதுவாக வட்டமிட்டு ஆடுவதைச் சிறுவர்களும் அறிவார்கள். பூமியும் அப்படியே ஆடுகிறது. பூமி சரியான உருண்டையல்ல, இடுப்பில் பருத்தது. நடுக்கோட்டின் குறுக்களவு துருவங்களின் குறுக்களவைவிட சுமார் 43 கிலோமீட்டர் அதிகம். இந்தப் பருத்த பாகத்தைச் சந்திரனும் சூரியனும் இழுப்பதால் பூமியின் அச்சு ஆகாயத்தில் ஒரு வட்டம் போடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 25,800 வருஷம். இதன் காரணத்தை நியூட்டன் 1687-ல் விளக்கினார்.

ஆகவே, அச்சின் முனை எந்த நட்சத்திரத்துக்கு நேரே வருகிறதோ அதற்குத்தான் துருவப் பதவி. எகிப்தியர் பிரமிடுகள் கட்டிய காலத்தை ஒட்டி, சுமார் 4,800 வருஷங்களுக்கு முன், துபான் என்ற நட்சத்திரம் அங்கே இருந்தது. 2,000 வருஷங்களுக்கு முன் இன்றைய துருவன் வடமுனையிலிருந்து சுமார் 12 டிகிரி, அதாவது 24 முழு நிலவுகளை வரிசையாக வைத்த தூரம், விலகிச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்றுகூட அது சரியாக முனையில் இல்லை. 2100-ம் வருஷத்தை ஒட்டி மிகவும் நெருங்கும், பிறகு விலகும். சுமார் 12,000 வருஷம் சென்றபின் அபிஜித் நட்சத்திரம் முனைக்கு அருகில் வரும். அப்போது துருவனின் வரம் என்னவாகும்?

"அயன சலனம் எங்கள் முன்னோருக்குத் தெரியாதா?" என்று பண்டிதர்கள் கேட்கலாம். தெரியும், சூரிய சித்தாந்தமே அதைக் கூறுகிறது. ஆனால், 27 டிகிரி வரை இருபுறமும் ஊசலாடித் திரும்புவதாகத் தப்பாகக் கூறுகிறது. பஞ்சாங்கமும் அயனாம்சம் என்று கணக்குப் போடுகிறது. அப்படியிருந்தும், சூரியன் டிசம்பர் 21, 22-லேயே வடக்கே திரும்பிவிட, ஜனவரி 14, 15-ல் உத்தராயண புண்ணியகாலம் என்று தர்ப்பணத்துக்குத் தட்சணை வாங்குகிறார்கள். தெரியாமல் சொல்பவனை மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே சொல்பவனை என்னென்பது?

கிரேக்க அறிஞர் ஹிப்பார்க்கஸ் கி.மு. 2-ம் நூற்றாண்டில் செய்ததைப் பாருங்கள். சுமார் 150 வருஷங்களுக்கு முந்தியவர்கள் குறித்துவைத்த சித்திரை நட்சத்திரத்தின் இடத்தைத் தாம் கண்ட இடத்தோடு ஒத்துப்பார்த்தார். 2 டிகிரி வித்தியாசம் கண்டார். முன்னோர் குறிப்பைப் பூசை செய்யாமல் பரிசோதித்ததால் இந்த உண்மை வெளிப்பட்டது.

வாழ்க்கை ஒப்பந்தம் நிலைப்பது இருவரும் ஒருவரையொருவர் சமமாக மதித்து நடப்பதில் இருக்கிறது. அதற்கு ஓடுகிற நட்சத்திரத்தின் சாட்சி எதற்கு? துருவனைக் காட்டத்தான் வேண்டுமென்றால், ஒரு பம்பரத்தையும் எடுத்துக்கொண்டு, இரவில், நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாக.