பக்கத்து வீட்டில் யார்?

அருப்புக்கோட்டைப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கும் முன்பே தண்ணீரை விசாரிப்பார்கள். போர் போட்டால் எத்தனை அடியில் கிடைக்கும், உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா, நகராட்சிக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருதரம் விடுகிறார்கள் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. இரண்டும் ஒரே கேள்விதான் என்பது இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். குழாய் திறக்கிற நேரத்தில் நாம் வெளியூரில் இருந்தால், நம் தொட்டிக்கும் டியூப்பை இழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத வீட்டில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்தே மாளாது. வானம் பார்த்த பூமியில் பக்கத்து வீட்டுக்காரரின் நல்லெண்ணம் அன்றாடப் பிழைப்பின் ஒரு பகுதி.

நான் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தான். என் துணைவன் சாத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆம், இரண்டு ஆண்கள். மதுரையில் வாடகை வீடுகளில் பல வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டோம். அங்கே எங்களுக்குப் பேச்சிலர் என்று பெயர். நரை விழுந்த பிறகும் அதே பெயர்தான். என் அம்மாவுக்கு முடியாமல் போகவே, மதுரையிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாங்கிக் குடியேறலாம் என்று கிளம்பினோம்.

தரகர் ஒரு பெரியவர். நல்ல மனிதர். முதலில் என்னைப் பார்த்து, "தம்பி நீங்க என்ன ஆளுக?" என்றார். சொன்னேன். "தம்பி யாரு?" என்று அவனைக் காட்டினார். "என்கூட இருக்கிறவர், ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாங்குறோம்" என்றேன். "சம்சாரம் வரலையா? வீடுன்னா பொம்பளையாளுக வந்து பாக்கணும்ல." எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அண்ணன் தம்பின்னு சொல்லிருவோம் தம்பி, தெருவுல கேள்வி வராது" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் எங்களை விட்டுப் போகாமல் ஒரு வழி சொன்னார். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் சொந்தப் பணத்தில் வாங்கிய வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து சாகும்வரை பொய் சொல்ல எங்களால் முடியாது.

பழைய தெருக்களில் வீடு அமையவில்லை. விலை படிந்த இடத்தில்கூட, விற்கிறவர் தெருவில் கலந்து பேச வேண்டும் என்றார். கலந்து பேசியதும் விலை ஏறியது, அல்லது மகன் வேண்டாம் என்கிறான் என்று பதில் வந்தது. என் சாதி சரியாக இருந்த தெருவில் இவன் மதம் இடித்தது. இரண்டையும் பொறுத்துக்கொள்ளக்கூடிய தெருவில் குடும்பஸ்தர்களுக்குத்தான் கொடுப்போம் என்றார்கள். எங்கேயும் யாரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை.

இந்தத் தெருக்கள் ஏன் இப்படி ஆயின என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை மறந்துவிட்டுக் குறை மட்டும் சொல்வது நியாயமாகாது. 19ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து வண்டி கட்டி வியாபாரத்துக்கு வந்த நாடார்கள் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் ஊன்றினார்கள். வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாக இருக்கப் பேட்டைகள் கட்டினார்கள். உறவின்முறை என்ற சாதிச் சங்கம் அமைத்து, மகமை என்ற பொதுநிதி வசூலித்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவர்கள் சேர்ந்து குடியிருந்தது பயத்தினால். அந்தப் பயம் பொய்யல்ல என்பதை 1899இல் நாடார்களுக்கு எதிரான கலவரத்தில் சிவகாசி எரிந்தபோது இந்த மாவட்டமே பார்த்தது. கைத்தறி நெசவாளர்களும் அப்படித்தான் தெருத்தெருவாகச் சேர்ந்து இருந்தார்கள். தறிக்குப் பாவு ஓட்ட வேண்டுமென்றால் நீண்ட தெருவும் ஒத்துழைக்கிற அக்கம்பக்கமும் வேண்டும். தலித் மக்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. ஆக ஒவ்வொரு தெருவும் ஏதோ ஒரு நெருக்கடியில் உருவானது. நெருக்கடி போய் நூறு வருடமான பிறகும் கதவு மட்டும் சாத்தியபடியே இருக்கிறது.

இந்தச் சாத்தல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லவும் வழியில்லை. ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் மதத்தாரை மட்டும் உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்று அகமதாபாத்தின் பார்சி சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. தனியார் ஒருவர் தன் வீட்டை யாருக்கு விற்கிறார், யாருக்கு மறுக்கிறார் என்று கேட்க இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 2018 செப்டம்பர் 6 அன்று, ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் எங்களை விடுவித்தபோது நானும் அவனும் அழுதோம். அன்று முதல் நாங்கள் குற்றவாளிகள் இல்லை. ஆனால் குற்றவாளி இல்லை என்பதற்காக யாரும் வீடு விற்க வேண்டியதில்லை.

கமுதியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் போனால் கிட்டத்தில்தான் இருக்கிறது. 1897இல் அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் தடையை மீறி நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908இல் அவர்கள் தோற்றார்கள். அதோடு முடிந்தது என்று யாராவது உட்கார்ந்தார்களா? 1939 ஜூலையில் காந்தியவாதி வைத்தியநாத ஐயர் அழைத்துப் போக, தலித்துகளும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருபால் திருமணத்துக்கு அடிப்படை உரிமை கிடையாது என்று சொன்னபோது, எனக்குக் கமுதிதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த மண்ணில் நீதிமன்றத் தோல்வி ஒரு வழக்கின் நடுப்பகுதியாகவே இருந்திருக்கிறது.

எங்களுக்கு நல்லது செய்த தீர்ப்பு ஒன்று பக்கத்திலிருந்தே கிளம்பியது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் நேசித்ததால் வீட்டை விட்டுச் சென்னைக்கு ஓடினார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டு வந்து 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். மனம் ஒப்பிச் சேர்ந்து வாழும் வயது வந்தவர்களைக் காணாமல்போனவர்கள் என்று போலீஸ் துரத்தக்கூடாது, குணப்படுத்துகிறேன் என்று மருத்துவர்கள் வதைக்கக்கூடாது என்றார். அதே வழக்கின் தொடர்ச்சியாக 2023 நவம்பரில், சேர்ந்து வாழ்கிற இருவர் குடும்ப உறவு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாம் என்று தமிழக அரசுக்கு யோசனை சொன்னார். அது இன்னும் சட்டமாகவில்லை. அது சட்டமாக வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு துடிக்கிறேன் என்பது பத்திரம் எழுதப் போனபோதுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது.

வீடு கடைசியில் திருச்சுழி ரோட்டுப் பக்கம் ஒரு புது நகரில் அமைந்தது. பருத்தி விளைந்த கரிசலைக் கூறு போட்டு, நம்பர் கல் நட்டு விற்ற இடம். நூற்பாலையில் வேலை பார்க்கிறவர்கள், ஆசிரியர்கள், திருப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர்கள், நெசவை விடாமல் பிடித்திருக்கும் ஒரு குடும்பம் என்று பல ஊர் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். யாருக்கும் அது பாட்டன் தெரு கிடையாது. அதனால் யாரிடமும் கலந்து பேச வேண்டியிருக்கவில்லை. விரும்பி அழைக்கிற இடம் என்று இதைச் சொல்லமாட்டேன். கேள்வி கேட்க யாருக்கும் பாத்தியதை இல்லாத இடம். சின்ன ஊர்களில் எங்களைப் போன்றவர்களுக்கு இப்போதைக்கு இந்தப் புறநகர் மனைகள்தான் கதி என்று நினைக்கிறேன். இவை வளர்வதைக் கண்டு விவசாயம் போகிறதே என்று வருந்துகிற அதே மனசு, சாதி பார்க்காமல் ஒரு கதவு திறக்கிறதே என்று நிம்மதியும் அடைகிறது.

கடன்தான் முதல் முட்டுக்கட்டை. இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிடலாம் என்று ஒரு வங்கிக்குப் போனோம். கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள் என்றால் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம், உறவில்லாதவர்களைச் சேர்க்க முடியாது என்றார்கள். ஒன்றாகச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளவும் ஒருவர் மற்றவரை அந்தக் கணக்குக்கு நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கடன் அந்த விளக்கத்துக்குள் வராது. கடன் என் பெயரிலும், அவன் பங்குக்குச் சேமிப்பும் நகையுமாகக் கட்டினோம்.

பதிவு அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னார் மகன் இன்னார், இன்னார் மகன் இன்னார் என்று இருவர் பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதி, சரிபாதி பிரிபடாத பாகம் என்று போட்டார்கள். எங்களுக்குள் என்ன உறவு என்று எழுத அந்தப் பத்திரத்தில் இடமே இல்லை. அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாக இருந்தது. வக்கீல் அடுத்ததை விளக்கியபோது அந்த ஆறுதல் போய்விட்டது.

நான் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி என் பாதி என் அம்மாவுக்குப் போகும். அம்மா இல்லாவிட்டால் அடுத்த வரிசை உறவுகளுக்கு. அவன் இறந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன்படி அவன் பாதி அவனுடைய அப்பாவுக்கு. இருவர் பட்டியலிலும் மற்றவன் பெயர் எங்குமே வராது. உயிரோடு இருக்கும்போதே ஒருவர் பங்கை மற்றவருக்கு எழுதிக் கொடுக்கலாமே என்றேன். கணவன் மனைவிக்குள் செட்டில்மென்ட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. நாங்கள் குடும்பம் அல்லாதவர்கள். எங்களுக்கு 7 சதவீதத் தீர்வை, உச்சவரம்பும் கிடையாது.

இந்தக் கஷ்டம் அருப்புக்கோட்டைக்கு மட்டும் உரியதல்ல. ஹாங்காங்கில் எட்கர் இங், ஹென்றி லீ என்று இருவர் 2017இல் லண்டனில் மணம் செய்துகொண்டார்கள். எட்கர் அரசு மானியத் திட்டத்தில் ஒரு வீடு வாங்கினார். அதில் தன் கணவரை உரிய உரிமையோடு குடிவைக்க விதிகள் இடம் கொடுக்கவில்லை. வழக்கு நடக்கும்போதே 2020இல் எட்கர் இறந்துபோனார். ஹென்றி தனியாக வழக்கைத் தொடர்ந்தார். 2024 நவம்பர் 26 அன்று இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க எட்கர் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை.

இப்போதைக்கு உயில்தான் எங்களுக்கு இருக்கிற வழி. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்தைப் பார்த்தோம் என்று சொன்னால் போதும், உள்ளே இருப்பதைச் சாட்சிகள் படிக்க வேண்டியதில்லை என்றார் வக்கீல். எங்களுக்கு அது போதாது என்று தோன்றியது. நாளைக்கு நான் செத்து, என் பங்காளிகள் வந்து இவனை வாசலில் நிறுத்தி நீ யார் என்று கேட்டால், இந்த ஊரில் யாராவது ஒருவர் தெரிந்தே பதில் சொல்ல வேண்டும். எனவே படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவது என்று முடிவு செய்தோம்.

பக்கத்து வீட்டு அக்கா நெசவு நெய்கிறவர். நாங்கள் மதுரையில் இருக்கும் நாளில் எங்கள் தொட்டியை நிரப்பி வைப்பவரும் அவர்தான். அவரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். எங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணே, இவருக்கப்புறம் அவருக்கு, அவருக்கப்புறம் இவருக்கு, சரி. ரெண்டு பேரும் போனபெறகு வீடு யாருக்கு? அத எழுதலயே" என்றார். வக்கீலுக்கும் தோன்றாத கேள்வி அது. இவனுடைய அக்கா மகளுக்கு என்று அன்று சாயங்காலமே பேசி முடிவெடுத்தோம். அந்த வரியைச் சேர்த்து மறுபடி டைப் செய்யக் கொடுத்திருக்கிறது. அக்கா முதல் சாட்சி, அவர் வீட்டுக்காரர் இரண்டாவது சாட்சி. இருவரும் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டார்கள். தறியில் பாதியில் நிற்கிற சேலை இறங்கியதும், ஒரு புதன்கிழமையாகப் பார்த்துப் பதிவு அலுவலகம் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.