சாம்பலில் எந்தச் சாம்பல்?

பொழியூரில் வீட்டுச் சுவருக்குச் சாம்பல் நிறம் தேடுகிறவர்கள் ஷேட் கார்டை நம்பவே கூடாது. அட்டையில் எல்லாச் சாம்பலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கலந்திருக்கும் துளி நீலமோ மஞ்சளோ சுவரில்தான் வெளிவரும். இங்கே தென்மேற்கே கடல். ஜூனில் இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் சன்னல் வழியே வருவது நீலம் பாரித்த மங்கல் வெளிச்சம். நீலச் சாம்பல் அதில் ஈரச் சிமெண்டாக இருண்டுவிடும். அக்கா வீட்டில் பார்த்தேன்: காலையில் எல்லோருக்கும் பிடித்த நிறம், ராத்திரி 6,500 கெல்வின் எல்இடி விளக்கைப் போட்டதும் ஆஸ்பத்திரிச் சுவராக வெளிறிப்போனது. அக்கா முகமே வாடிவிட்டது. இந்தக் கரைக்கு மஞ்சள் சாயல் உள்ள சாம்பலே ஏற்றது என்பேன். எதுவானாலும் கொஞ்சமாக வாங்கி, இரண்டடிச் சதுரத்தில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும் பாருங்கள்.