சாரலில் வெளுக்கும் நிறத்தை நம்பாதீர்கள்

ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் போதும், தென்காசி குற்றாலம் பக்கம் அந்தப் பேச்சும் கிளம்பிவிடும்: “வெள்ளைக் காளான் நல்லது, சிவப்பு விஷம். புழு அரித்திருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். சந்தேகமா, மஞ்சள் போட்டுக் கொதிக்க வை.” பல வருடமாகக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. புளித்ததோடு போனால் பரவாயில்லை, ஆளையும் கொல்லும்.

புழுவின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. சில அமானிட்டாக் காளான்களை நத்தை தின்றுவிட்டு நலமாக ஊர்ந்துபோகும்; அவையே மனிதனின் ஈரலை அழித்துவிடும். அவற்றின் நஞ்சு கொதிநீரில் அழியாது. மஞ்சள் அதைக் காட்டியும் கொடுக்காது.

நிறத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கோங்கின் குடும்பத்து மரவேர்களோடு கூடி வாழும் ரஸ்ஸுலாக் காளானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பல இனங்களில் குடையின் சாயம் நீரில் கரைவது. ரத்தச் சிவப்பாக விரிந்த குடை, விடாமல் பெய்யும் சாரலில் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். முந்தாநாள் விஷமாக இருந்தது இன்றைக்கு உணவாகிவிட்டதா? ஆளைக் கொல்லும் அமானிட்டாக்களில் சில தூய வெள்ளை. புல்வெளியில் முளைக்கும் குளோரோபில்லம் மாலிப்டைட்ஸும் வெள்ளைதான். தின்றவர் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியுமாகக் கிடப்பார். முற்றிய குடையை ஓர் இரவு வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்தால் பச்சைத் தூள் படியும். அதைக் காட்டிக்கொடுப்பது அந்தத் தூள்.

ரஸ்ஸுலாவை நிறத்தை வைத்து அறிய முடியாது, தொட்டுத்தான் அறியவேண்டும். தண்டை வளைத்தால் நாராகக் கிழியாது, சாக்பீஸ் போல மொடுக்கென்று முறியும். குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளை விரலால் தேய்த்தால் பெரும்பாலும் பொலபொலவென்று உதிரும். சதையில் உருண்டை உயிரணுக்கள் கொத்துக்கொத்தாக இருப்பதே காரணம். கீறினால் பால் வராது. வந்தால் லாக்டேரியஸாக இருக்கலாம். அமானிட்டாவைப் போல அடியில் கிண்ண உறை இருக்காது.

“முறிந்தால் நல்லது” என்று இதையும் ஒரு பேச்சாக்கிவிட வேண்டாம். ரஸ்ஸுலா சப்நிக்ரிகன்ஸும் அப்படித்தான் முறியும். ஜப்பானில் அதைத் தின்றவர்கள் தசை சிதைந்து இறந்திருக்கிறார்கள். நஞ்சு இன்னதென்று ஆய்வாளர்கள் அறிவித்தது 2009-இல்தான்.

புற்றுக்காளானை அதன் நீண்ட வேரோடு தோண்டிப் பார்த்து எடுக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அடையாளம் தெரியாத காளானைச் சட்டியில் போடாதீர்கள். தின்று 6 மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் அமானிட்டாவாக இருக்கலாம். வாந்தி நின்றாலும் வீட்டில் இருக்காமல், மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.